அந்தப் பக்கத்து ஆள்

“மோதிரத்தக் கழட்டுங்க ஐயா. இந்தக் கையில வேணாம், அந்தக் கையில போடுங்க. முழிக்காதீங்க, உங்க வீட்டம்மாவ ஒண்ணும் தள்ளி வைக்கச் சொல்லல” என்கிறாள் மதாம் உர்சூல். ஆறு மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்காத பட்டு வியாபாரி விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அதற்குள் அவருடைய கோட்டுப் பொத்தான்களை அவிழ்த்து, வலது ஓரம் மேலே வரும்படி மாற்றி, துளை இல்லாத இடத்தில் குண்டூசி குத்திவிட்டாள். அடுத்தது சீப்பு. பிள்ளைப் பருவம் முதல் இடப்பக்கம் எடுத்துவந்த வகிடு ஒரே இழுப்பில் வலப்பக்கம் போகிறது. மார்பில் இருந்த சிவப்பு நாடாப் பதக்கமும் இடம் மாறுகிறது. இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்க்கிறாள். “ம். இப்ப நீங்க நீங்களா இல்ல. தகட்டுல நீங்களா வருவீங்க. போய் உக்காருங்க.”

பலே-ரொயால் தோட்டத்துக்குப் பின்னால் உள்ள சந்தில், கூரையில் கண்ணாடி பதித்த ஓர் அறையில், மொசியே பஸ்தியான் வெள்ளித் தகட்டில் முகம் பிடிக்கிறார். இந்தத் தகட்டுக்கு ஒரு குணம் உண்டு. முகம் பார்க்கும் கண்ணாடியைப் போல இடத்தை வலமாக்கி, வலத்தை இடமாக்கிக் காட்டும். பாரிஸில் மற்றவர்கள் அதைப் பற்றி அலட்டிக்கொள்வதில்லை. படம் எடுத்துக்கொண்டவருக்கும் அது தெரியாது. அவர் தன்னைக் கண்ணாடியில் மட்டும்தானே பார்த்திருக்கிறார்? வீட்டுக்குப் போன பிறகுதான் ரகளை. மனைவி பார்ப்பாள், மூக்கைச் சுளிப்பாள், “யாரு இது, உங்க தம்பியா?” என்பாள். கல்யாண மோதிரம் இருக்க வேண்டிய கையில் இருக்காது. கோட்டு, பெண்கள் சட்டை போலப் பூட்டியிருக்கும். அப்படி ஒரு ரகளைக்குப் பிறகுதான் பஸ்தியான் உர்சூலை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

அவள் கணக்கில் நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருவரும் இரண்டு பேர். ஒருவர் இந்தப் பக்கத்து ஆள். இன்னொருவர் தகட்டுக்குள் போகப்போகிற அந்தப் பக்கத்து ஆள். அவள் வேலை செய்வது அந்த இரண்டாவது ஆளுக்கு. “இந்தப் பக்கத்து ஆளு கோமாளி மாதிரி இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அந்தப் பக்கத்து ஆளுதான் வீட்டுக்குப் போறாரு” என்பாள். தையல்காரிகள் வந்தால் ஊசி இடக்கைக்குப் போகும். ஒருமுறை வயலின் வாசிப்பவர் ஒருவர் வந்தார். வாத்தியத்தை வலது தோளில் வைத்து இடக்கையில் வில்லைப் பிடிக்கச் சொன்னதும், “இது பிசாசு வாசிக்கற மொறைம்மா” என்று எழுந்துவிட்டார். “பிசாசு நல்லாவே வாசிக்குமாம், உக்காருங்க” என்று தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள்.

படம் பிடிக்கும் பெட்டியின் மூடி விழுந்த சத்தம் கேட்டதுமே பாய்ந்து வந்து எல்லாவற்றையும் பழையபடி திருப்பிவிடுவாள். அதில் அவளுக்குப் பெரிய பிடிவாதம். மோதிரம், பதக்கம், வகிடு எல்லாம் தத்தம் இடத்துக்கு வந்த பிறகுதான் ஆளைப் படியிறங்க விடுவாள். திருப்பிய ஆளைத் திருப்பாமல் தெருவில் விட்டால் அது தன் தலையில்தான் விடியும் என்று நம்புகிறாள். திருப்ப முடியாதவற்றைப் பற்றி மட்டும் அவளுக்கு வருத்தம் உண்டு. ஒரு பாதிரியார், தன் கன்னத்து மரு இடம் மாறிவிட்டது என்று படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். “சாமி, மருவுக்குப் பொத்தான் இல்லியே, நான் எதக் கழட்டி எதுல மாட்டுவேன்?” என்று கேட்டாள். பாதிரியார் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

இந்த வேலை அவள் உடம்பிலும் ஊறிப்போயிற்று. வீட்டில் சூப்புக் கரண்டியைத் தட்டுக்கு இடப்பக்கம் வைக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் இடக்கையால் சிலுவை போட்டுக்கொண்டு, பக்கத்திலிருந்தவள் முறைத்த முறைப்பில் பெஞ்சு மாறி உட்கார்ந்தாள்.

இங்கே வருவதற்கு முன் அவள் நாடகக் கொட்டகையில் நடிகர்களுக்கு உடுத்திவிட்டுக்கொண்டிருந்தாள். செத்து விழுந்த அரசனை அடுத்த காட்சிக்குள் சமையல்காரனாக்கி மேடைக்குத் தள்ளுகிற வேகம் அங்கே வந்ததுதான். அதனால்தான் அவளுக்கும் பஸ்தியானுக்கும் நாள் தவறாமல் சண்டை. பஸ்தியான் ஷலோன் ஊர்க்காரர். சூரியனைத் தகட்டில் முதலில் பிடித்தவர் தன் ஊரில் பிறந்த நியெப்ஸ், கூட்டுச் சேர்ந்த தகேர் கடைசியில் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டார் என்பது அவர் கட்சி. நியெப்ஸ் என்று சொல்லும்போது தொப்பியைத் தொடுவார். தொப்பி இல்லாத நேரம் நெற்றியையாவது தொடுவார். உர்சூல் தகேர் கட்சி. தகேர் நாடகத்துக்குத் திரை எழுதியவர் என்பதைத் தவிர அவளுக்கு வேறு காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

“பெத்தவரு எங்க ஊர்க்காரரு. பேரு வச்சுக்கிட்டவரு உங்க ஆளு” என்பார் அவர், அயோடின் பட்டுப் பழுத்துப்போன விரலை ஆட்டி.

“உங்க ஊர்க்காரரு ஒரு படம் புடிக்கப் பகல் பூரா வேணுமாம் மொசியே. அதுவரைக்கும் உக்காந்திருந்தா ஆளு பசியிலயே போயிருவான். எங்காளு வந்தப்பறம்தான் மனுஷன் மூஞ்சி தகட்டுல வந்துச்சு.”

இத்தனை பேரைத் திருப்பித் திருப்பி உட்காரவைத்த உர்சூலுக்கு ஒரு படம்கூடக் கிடையாது. பஸ்தியான் எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டார். “என்னைத் திருப்பிவிட யாரு இருக்கா?” என்று தட்டிக்கழிப்பாள். உண்மைக் காரணம் அவள் கைகள். அப்பா சேன் ஆற்றில் படகு தள்ளியவர், அவர் கைகள் அப்படியே அவளுக்கு வாய்த்திருக்கின்றன. அகன்ற உள்ளங்கை, முண்டு முண்டான விரல்மூட்டுகள். கொட்டகையில் நடிகைகள், “உர்சூல் வந்தா மொதல்ல கைதான் வருது, பின்னாலதான் ஆளு வருது” என்று கேலி பேசியது இன்னும் அவள் காதில் இருக்கிறது. வேலை இல்லாத நேரம் இரண்டு கைகளையும் ஏப்ரனுக்கு அடியில் ஒளித்துக்கொண்டு நிற்பாள். இதைக் கவனித்தவர்கள் குறைவு, ஏனென்றால் அவளுக்கு வேலை இல்லாத நேரம் குறைவு.

போன அக்டோபரில் ஒருநாள் பகல், இடது கோட்டுக் கையை மடித்துக் குத்தியிருந்த ஒரு சிப்பாய் மேலே ஏறி வந்தான். அன்செல்ம் என்று பெயர். அல்ஜீரியாச் சண்டையில் கையை இழந்து, ஊனமுற்ற சிப்பாய்களுக்கான ஆஸ்பத்திரியில் கிடந்தவன். நின்ற நிலையில் நெஞ்சுப் பையிலிருந்து ஒரு தகட்டை எடுத்து மேசைமேல் வைத்தான்.

“என் கைய மாத்தி வச்சுட்டாங்க. சரியா வச்சுக் குடுங்க” என்றான்.

உர்சூல் குனிந்து பார்த்தாள். வேறு ஏதோ கடையில் எடுத்த படம். அதில் இருந்தவனுக்கு வலது கை இல்லை.

விஷயம் இதுதான். ஷலோன் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் கொடி வெட்டுகிறவன் அன்செல்ம். ஊரில் லியோனி என்ற பெண்ணை அவனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். போனது இடது கைதான், வலது கை நன்றாக இருக்கிறது, கத்தி பிடிக்கலாம் என்று ஆள் வைத்து எழுதி அனுப்பினான். பெண்ணின் அப்பாவும் சரி என்றுதான் இருந்தார். வீட்டார் பார்க்கட்டும் என்று ஆசையாக ஒரு படமும் எடுத்து, வைன் பீப்பாய் ஏற்றி வரும் வண்டிக்காரனிடம் கொடுத்து அனுப்பினான். அதுதான் வினையாகிவிட்டது.

“ஊரே கூடிப் பாத்துருக்குது. அவங்க அப்பா எல்லார் முன்னாடியும் சொன்னாராம், எழுதுனது மனுஷன், வரைஞ்சது சூரியன், ரெண்டுல எது பொய் சொல்லும்னு. வலது கை இல்லாதவன் எப்படிக் கொடி வெட்டுவான்? அடுத்த மாசம் மார்ட்டின் திருநாளுக்குள்ள வேற எடத்துல பேசி முடிச்சுருவாராம்.”

“இது கண்ணாடி மாதிரிப்பா, திருப்பித்தான் காட்டும்னு சொல்லி அனுப்ப வேண்டியதுதானே?” என்றார் பஸ்தியான்.

“அனுப்பினேன் ஐயா. கண்ணாடியில வச்சுப் பாருங்கன்னுகூடச் சொன்னேன். கண்ணாடியில பாத்தாத்தான் வர்ற கை எங்களுக்கு எதுக்குன்னு கேட்டு, தகட்டையும் திருப்பி அனுப்பிட்டாரு.” அவன் குரல் இறங்கியது. “நேர்ல போய்க் காட்டலாம்னா, புண்ணு ஆறாம ஆஸ்பத்திரியில வண்டி ஏற விடமாட்டேங்கறாங்க. அப்பாவ விடுங்க. லியோனி வண்டிக்காரர்கிட்டச் சொல்லி விட்டுருக்கா. எந்தக் கை போயிருந்தாலும் கட்டியிருப்பேன், ஏன் பொய் சொன்னான்னு கேக்கறா.”

பெட்டிக்கு முன்னால் ஒரு கண்ணாடியை வைத்துத் திருப்பி எடுக்கும் முறை பஸ்தியானுக்குத் தெரியும். அதற்கு நல்ல வெயில் வேண்டும். அக்டோபர் மாதப் பாரிஸில் வெயிலுக்கு எங்கே போவது? முன்பு ஒருமுறை முயன்றபோது முகத்துக்குப் பதில் புகைதான் விழுந்தது.

உர்சூல் அவனை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, வழக்கம்போலப் பதக்கத்தை வலப்பக்கம் மாற்றிக் குத்தினாள். பொத்தான்களை மாற்றினாள். வகிட்டை மாற்றினாள். பிறகு மடித்துக் குத்திய அந்தக் கைக்கு வந்தாள், நின்றுவிட்டாள். வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், வெறும் சட்டைக்கையை மடித்துக் குத்துவது சுலபம். தகட்டில் இடது கை இல்லாதவனாக வருவான். ஆனால் இடது சட்டைக்கையில் ஒரு கை வேண்டுமே? நாடகப் பெட்டியிலிருந்து கையுறை எடுத்துப் பஞ்சு திணித்துக் கொண்டுவந்தாள்.

“எங்க ஊர்ல கொடி வெட்டறவன் எவன் கையுறை போடுவான்?” என்றான் அன்செல்ம். “மரக்கைன்னு சொல்லிருவாங்கம்மா.”

அவள் கையுறையை வீசி எறிந்தாள். ஏப்ரனுக்கு அடியில் போன கைகள் சற்று நேரம் அங்கேயே இருந்தன. பிறகு அவற்றை வெளியே எடுத்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். இடது கையை அவனுடைய வலது கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பெரிய வித்தியாசம் இல்லை.

“தம்பி, கோட்டக் கழட்டு. தோள்கிட்டத் தையலப் பிரிக்கணும்.”

அவள் என்ன செய்யப்போகிறாள் என்று புரிந்ததும் பஸ்தியான் தொப்பியை எடுத்து மேசையில் அடித்தார். “நடக்காது. என் கடை வாசல்ல என்ன எழுதியிருக்கு? ‘சூரியன் பொய் சொல்லாது.’ அந்தப் பொண்ணு பொய்யே வேணாங்குது, நீ இரவல் கைய வச்சுப் படம் புடிக்கச் சொல்ற!”

“இந்தப் பக்கத்து ஆளுதான் மொசியே பொய். அந்தப் பக்கத்து ஆளு உள்ளபடி வருவான். இப்ப அந்தத் தகட்டப் பாருங்க, இந்தப் பக்கம் உள்ளபடி உக்காந்தான், அந்தப் பக்கம் பொய்யா வந்துட்டான். எது தேவல?”

“அதெல்லாம் பேச்சு.”

“சரி, பேசல. அவன் எந்த ஊருன்னு கேட்டீங்களா? ஷலோன். சூரியன மொதல்ல புடிச்ச ஊரு. அந்த ஊர்ச் சனம் இன்னைக்கு அந்தத் தகட்ட நம்பி ஒரு நெசமான பயலப் பொய்யன்னு சொல்லுது. உங்க நியெப்ஸ் கேட்டா என்ன சொல்லுவாரு?”

பஸ்தியான் தன்னை அறியாமல் நெற்றியைத் தொட்டார். அப்புறம் தகடு தேய்க்கப் போய்விட்டார்.

தையலைப் பிரித்ததும் உர்சூல் நாற்காலிக்குப் பின்னால் மண்டியிட்டாள். பிரித்த வழியாகக் கையை விட்டு, இடது சட்டைக்கைக்குள் முழுவதும் நீட்டினாள். அவள்மேல் பின்திரையின் நிறத்தில் ஒரு கறுப்புத் துணியைப் பஸ்தியான் போர்த்தினார். அன்செல்மின் முழங்கால்மேல் ஒரு கை வந்து அமர்ந்தது. அவன் கொடி வெட்டும் தன் வளைகத்தியை அதில் வைத்துவிட்டு வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக, பஸ்தியான் அந்த வெறும் சட்டைக்கையை மடித்துக் குத்தினார்.

“கட்டவிரல் அப்படி மேல ஏறக்கூடாதும்மா. பக்கவாட்டுல படுக்கணும். அவங்க அப்பா மொதல்ல அதத்தான் பாப்பாரு.”

“இப்படியா?” என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

“இன்னும் கொஞ்சம் தளர்வா. கொடிய வெட்டணும், கோழிய இல்ல.”

முதல் தகடு வீணாயிற்று. மூடியைத் திறந்த சற்று நேரத்தில் அன்செல்ம் குனிந்து தன் முழங்காலைப் பார்த்துவிட்டான். பார்த்ததும் உடம்பு குலுங்கிற்று. தகட்டில் முகம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் கறைதான் வந்தது. பஸ்தியான் கத்தவில்லை. “தேய்ச்சு வச்சது இன்னும் ஒண்ணுதான் இருக்கு தம்பி. வெளிச்சமும் போகுது. எதிர்வீட்டுப் புகைபோக்கியப் பாரு. கீழ பாக்காத” என்று மட்டும் சொன்னார்.

உர்சூல் நேரத்தைச் செபத்தால் அளப்பவள். அன்றைய வெளிச்சத்துக்கு ஒரு பரலோக மந்திரமும் ஓர் அருள்நிறை மரியேயும் தேவைப்பட்டன. கன்னம் அவன் முதுகில் அழுந்தியிருந்தது. உள்ளே அவன் இதயம் குதித்த குதியில் தன் விரலும் ஆடிவிடுமோ என்று பயந்தாள். உடுத்திவிட எத்தனையோ ஆண்களைத் தொட்டிருக்கிறாள், ஒருவனுக்காக இவ்வளவு பயந்ததில்லை. முழங்கால் கல்தரையில் வலித்தது. இந்தப் பிள்ளையைக் கைவிட்டுவிடாதே தாயே என்று செபத்தின் நடுவில் சொந்தமாக ஒரு வரி சேர்த்தாள். அவனுடைய உண்மையான வலது கை முதுகுப் பக்கம் அவள் தோளில் வந்து முட்டியது, அங்கேயே பிடித்துக்கொண்டது. மரியேயை முடித்து ஆமென் சொல்லவும் மூடி விழவும் சரியாக இருந்தது.

படம் நன்றாக வந்தது. கையில் கத்தியோடு, இடது சட்டைக்கை மடித்துக் குத்தியபடி, வகிடும் பதக்கமும் அதனதன் இடத்தில் இருக்க, தகட்டுக்குள் இருந்த அந்தப் பக்கத்து அன்செல்ம் வண்டியேறி ஷலோன் போனான். மார்ட்டின் திருநாளுக்கு முன்பே வண்டிக்காரன் பதில் கொண்டுவந்தான். பெண்ணின் அப்பா தகட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாராம். “வேல தெரிஞ்ச கைதான். சண்டைக்குப் போய்க் கொஞ்சம் தடிச்சிருக்கு” என்றாராம். லியோனி தகட்டை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டாளாம். பெண் கொடுப்பதாகப் பேச்சு உறுதியாயிற்று. இதைக் கேட்ட அன்று உர்சூல் முகத்தைக் காட்டாமல் அடுப்படியில் வெகுநேரம் ஏதோ தேடிக்கொண்டிருந்தாள்.

பஸ்தியான் இந்தக் கதையை வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அவருக்கே ஒரு சின்னப் பகுதி தெரியாது. அந்த நேரம் தகட்டை எடுத்துக்கொண்டு, பாதரசப் புகை காட்டிப் படத்தை வெளிக்கொண்டுவர உள்ளறைக்கு ஓடிவிட்டார்.

மூடி விழுந்ததும் எப்போதும்போலப் பாய்ந்து எழத்தான் உர்சூல் போனாள். துணியை விலக்கித் தலையை வெளியே எடுத்தவள், அவன் பிடரி குனிந்திருப்பதைப் பார்த்தாள். கத்தி கீழே நழுவிக் கிடந்தது. இப்போது தடுக்க யாரும் இல்லை. அன்செல்ம் தன் இடது சட்டைக்கையின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஒரு கை இருந்தது.

அவள் கையை உருவவில்லை. துணியைத் திரும்பவும் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவன் முழங்கால்மேல் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். பிறகு ஒவ்வொன்றாக விரித்தாள்.